தரவுக்கு ஓர் உடல்

நூலகத்தில் இரவல் மேஜைக்கு முன் நின்று, எடுத்த புத்தகத்தைப் பதிவு செய்துகொள்ளக் காத்திருந்த அநுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. மேஜைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் நம்முடைய உறுப்பினர் எண்ணைக் கணினியில் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தபடி இருக்கிறார். திரையோ ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது. நமக்குப் பின்னால் வரிசை நீள்கிறது. அதே போன்ற விவரங்களையே வைத்திருக்கும் வேறொரு நூலகத்தில், எண்ணைத் தட்டிய விரலை எடுக்குமுன் விடை வந்துவிடுகிறது. புத்தகங்களின் தொகையிலோ வாசகர்களின் தொகையிலோ பெரிய வித்தியாசம் இல்லை. பதிந்து வைத்த விவரங்களிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஓரிடத்தில் ஏன் இந்தத் தாமதம், மற்றோரிடத்தில் ஏன் இந்தச் சுறுசுறுப்பு என்று ஆராயப் புகுந்தால், அந்த விவரங்களுக்கு இயந்திரத்துக்குள்ளே எத்தகைய உடல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியில் பல சமயங்களில் வந்து நிற்போம்.

உடல் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. சூட்சும சரீரம் என்றும் ஸ்தூல சரீரம் என்றும் நம்முடைய தத்துவ நூல்கள் பிரித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். தரவுத்தளத்துக்கும் இவ்விரண்டும் உண்டு. எந்தப் பொருள்களைப் பற்றி நாம் விவரம் வைத்திருக்கப் போகிறோம், அவற்றுக்குள் என்ன சம்பந்தம், எது எதைச் சார்ந்தது, எந்த நியமங்கள் எக்காலத்திலும் மீறப்படலாகாது என்பவற்றை, எந்த இயந்திரத்தையும் மனத்தில் கொள்ளாமல் வரைந்துகொள்வது ஒன்று. தொழிலில் அதை லாஜிகல் மாடல் என்கிறார்கள். அந்தச் சித்திரத்தை எடுத்துக்கொண்டு, இன்ன மென்பொருளில், இன்ன அட்டவணைகளாக, இத்தனை பைட் நீளமுள்ள பத்திகளாக, இன்ன வரிசையில், வட்டின் இன்ன பகுதியில் அமரச் செய்வது மற்றொன்று. அதற்கு பிசிகல் டிசைன் என்று பெயர். சூட்சுமம் ஸ்தூலமாகிற அந்த மாற்றத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஏனெனில், நூலகத்திலும் ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் நாம் காத்து நிற்கும் நேரத்தில் ஒரு பங்கு அந்த மாற்றத்தின்போதே நிர்ணயமாகிவிடுகிறது.

நூலகத்தையே உதாரணமாகக் கொள்வோம். முதற்பார்வைக்கு அங்கே புத்தகம் என்று ஒரே பொருள் இருப்பதாகத் தோன்றும். சற்று யோசித்தால் அது இரண்டாகப் பிரியும். கல்கியின் பொன்னியின் செல்வன் முதற்பாகம் என்பது ஒரு நூல். அலமாரியில் அட்டை கிழிந்தும் கிழியாமலும் நிற்கும் அதன் ஆறு பிரதிகள் ஆறு தனிப் பொருள்கள். வாசகர் தேடி வருவது நூலை. வீட்டுக்கு எடுத்துச் செல்வது பிரதியை. ஓர் ஆசிரியர் பல நூல்களை எழுதுவார். ஒரு நூலை இருவரோ மூவரோ சேர்ந்து எழுதுவதும் உண்டு. ஒரு பிரதி நாளடைவில் பல உறுப்பினர்களிடம் போய் வரும். ஆனால் ஒரு சமயத்தில் ஒருவரிடந்தான் இருக்க முடியும். இவ்வளவையும் தெளிவாகச் சொல்லி, ஒவ்வோர் உண்மைக்கும் ஒரே ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டால் சூட்சும உருவம் பூர்த்தியாகிறது. இந்த ஒதுக்கீட்டை நார்மலைசேஷன் என்பர். இதைச் செய்யாமல், ஆறு பிரதிகளின் விவரத்திலும் ஆசிரியர் பெயரை ஆறு முறை எழுதி வந்தால், ஒன்றில் கல்கி என்றும், மற்றொன்றில் ரா. கிருஷ்ணமூர்த்தி என்றும், வேறொன்றில் கிருஷ்ணமூர்த்தி ரா. என்றும் நாளடைவில் பதிவாகிவிடும்; மூவரும் ஒருவரே என்பது நூலகருக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது.

சூட்சுமம் வேறு, ஸ்தூலம் வேறு என்ற இந்தப் பாகுபாடு இன்று எளிதாகத் தோன்றினாலும், கணினி உலகம் அதைக் கண்டுகொள்ளச் சில காலம் பிடித்தது. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்போலோ திட்டத்தில், விண்கலத்தின் எண்ணற்ற உறுப்புகளைக் கணக்கு வைப்பதற்காக ஐ.பி.எம். நிறுவனம் 1966-இல் உருவாக்கத் தொடங்கிய ஐ.எம்.எஸ். என்னும் அமைப்பில், விவரங்கள் வேரும் கிளையுமாக ஒரு மரத்தைப் போல் அடுக்கப்பட்டிருந்தன. நிரல் எழுதுபவர் எந்தக் கிளையில் ஏறி, எந்தக் கிளைக்குத் தாவி, எந்த இலையைப் பறிக்க வேண்டும் என்பதைத் தாமே அறிந்து எழுத வேண்டும். விவரங்களை அடுக்கியிருக்கும் முறையைச் சௌகரியத்துக்காக ஒரு நாள் மாற்றினால், பழைய வழியை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் தடுமாறி நின்றுவிடும். உடலில் செய்த சிறு மாறுதல் உயிரையே உலுக்குகிற நிலை அது.

இந்த நிலையை மாற்றியவர் எட்கர் காட் என்ற கணித அறிஞர். 1923-இல் இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டி, பின்னர் கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரத்து ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்த அவர், 1970 ஜூன் மாதத்தில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், விவரங்களை வரிகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாக மட்டும் கருத வேண்டும் என்றும், அவை வட்டில் எங்கே எப்படிக் கிடக்கின்றன என்பதைப் பயன்படுத்துகிறவர் அறிய வேண்டிய அவசியமே இருக்கலாகாது என்றும் வாதித்தார். என்ன வேண்டும் என்று கேட்பதே மனிதரின் வேலை. எந்த வழியில் சென்று எடுப்பது என்று தேர்வது இயந்திரத்தின் வேலை. இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற சந்தேகத்தை, அதே சான் ஹோசே நகரத்தில் சிஸ்டம் ஆர் என்ற பரிசோதனை அமைப்பை உருவாக்கிய குழுவினர் தீர்த்து வைத்தார்கள். அக்குழுவைச் சேர்ந்த பட்ரீஷியா செலிங்கரும் அவர் சகாக்களும், பல வழிகளில் செலவு குறைந்த வழியை இயந்திரமே கணக்கிட்டுத் தேரும் முறையை 1979-இல் விளக்கினார்கள். காட் 1981-இல் டூரிங் விருது பெற்றார். இன்று வங்கியிலும் ரயில் முன்பதிவிலும் நாம் பெறும் சேவைகளுக்குப் பின்னால் அவர் வகுத்த பிரிவு இருக்கிறது.

ஆனாலும், உயிர் உடலை அறிய வேண்டியதில்லை என்பதால், உடல் எப்படி இருந்தாலும் சரி என்று ஆகிவிடாது. இயந்திரத்துக்குத் தனக்கென்று இயல்புகள் உண்டு. நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8.3 மில்லிசெகண்ட் ஆகும். வேண்டிய இடம் வாசிப்பு முனைக்கு நேரே வந்து சேர்வதற்குச் சராசரியாக அதில் பாதி, முனை நகர்ந்து உரிய வட்டத்தை அடைவதற்கு மேலும் எட்டோ ஒன்பதோ மில்லிசெகண்ட். ஆக, சிதறிக் கிடக்கும் விவரங்களை ஒவ்வொன்றாக எடுப்பதானால், ஒரு செகண்டுக்கு எண்பது முறைக்கு அதிகமாக எடுப்பது கடினம். அத்தகைய ஒரு வாசிப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கணினியின் மூளை கோடிக்கணக்கான செயல்களை முடித்துவிடக்கூடும். சுழலாத புதிய வகை வட்டுகள் இந்தத் தாமதத்தை வெகுவாகக் குறைத்திருந்தாலும் நினைவகத்தின் வேகத்தை எட்டவில்லை. அன்றியும், தரவுத்தளம் வட்டிலிருந்து ஒரு பெயரையோ ஒரு தேதியையோ தனியே கிள்ளி எடுப்பதில்லை; பக்கம் பக்கமாகவே எடுக்கிறது. போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் ஒரு பக்கம் வழக்கமாக 8 கிலோபைட். மைசீக்வலில் 16 கிலோபைட். எத்தனை பக்கங்களைப் புரட்டினால் விடை கிடைக்கும் என்பதே ஸ்தூல உலகத்தின் அடிப்படைக் கேள்வி.

இனி, மாற்றம் நடைபெறும் விதத்தைப் பார்ப்போம். நூல், பிரதி, ஆசிரியர், உறுப்பினர் என்று நாம் பெயரிட்ட ஒவ்வொன்றும் ஓர் அட்டவணையாகிறது. ஒவ்வொரு வரியையும் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட ப்ரைமரி கீ என்னும் அடையாளம் ஒன்று நியமிக்கப்படுகிறது. நூலுக்கும் ஆசிரியருக்கும் உள்ளதைப் போன்ற பலருக்குப் பல என்ற உறவை எந்த ஓர் அட்டவணையிலும் நேரே எழுத முடியாதாகையால், இரண்டின் அடையாளங்களையும் இணைத்து வைக்கும் மூன்றாவது அட்டவணை ஒன்று பிறக்கிறது. உறுப்பினரையும் பிரதியையும் இணைக்கும் இரவல் அட்டவணையும் அத்தகையதே. எடுத்த தேதி, திருப்ப வேண்டிய தேதி, திருப்பிய தேதி ஆகிய மூன்றும் அதில்தான் அமரும். இல்லாத உறுப்பினர் பெயரில் இரவல் பதிவாகலாகாது என்ற நியமத்தையும் ஃபாரின் கீ என்ற கட்டுப்பாடாக இங்கேயே எழுதிவிட வேண்டும். மேஜையில் இருப்பவரின் ஞாபகசக்தியை நம்பி அதை விட்டுவைப்பது பிழை.

அடுத்தபடியாக, ஒவ்வொரு பத்திக்கும் எந்த வகை, எவ்வளவு இடம் என்று தீர்மானிக்க வேண்டும். தேதியை வெறும் எழுத்தாக எழுதினால், 5-1-1960 என்பது ஜனவரி ஐந்தா, மே ஒன்றா என்ற சந்தேகம் வரும்; எது முந்தியது, எது பிந்தியது என்று ஒப்பிடவும் இயலாது. தாமதக் கட்டணத்தைத் தோராயமான பின்ன எண்ணாக வைத்தால், பத்தில் ஒன்று என்ற சாதாரணப் பின்னத்தைக்கூட இரும எண்முறையில் முழுச் சுத்தமாக எழுத முடியாதாகையால், கூட்டலில் சல்லித் தொகைகள் பிசகும்; காசுகளை முழு எண்ணாகவோ, தசம வகையிலோ வைப்பதே முறை.

பெயர்ப் பத்தியில் தமிழர்களாகிய நமக்குத் தனியான அக்கறை உண்டு. இன்று பெரிதும் வழங்கும் யூ.டி.எஃப்.-8 என்ற குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். மேலும், உயிர்மெய்யில் பெரும்பாலானவை மெய்க்கு ஒன்றும் உயிர்க்குறிக்கு ஒன்றுமாக இரண்டு குறிகளால் ஆனவை. புள்ளி வைத்த மெய்யும் அப்படியே. மீனாட்சிசுந்தரம் என்ற பெயர் நம் கணக்கில் ஒன்பது எழுத்து. இயந்திரத்தின் கணக்கில் 16 குறி, 48 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 17 பைட்டில் முடிந்துவிடும். முப்பது பைட் தாராளம் என்று எண்ணி ஒருவர் அளவு வைத்துவிட்டால், கண்டிப்பான தரவுத்தளம் அந்தத் தமிழ்ப் பெயரை ஏற்க மறுத்துவிடும்; கண்டிப்பில்லாததில் அவர் மீனாட்சிசு என்று பாதியில் நிற்பார். வரிசைப்படுத்துவதிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. நம் அகராதி மரபில் மகரத்துக்கு வெகு பின்னால், கடைசியாக வருவது னகரம். யூனிகோட் எண்வரிசையிலோ அது நகரத்தை அடுத்து, மகரத்துக்கு முன்னால் அமர்ந்திருக்கிறது. ஆகவே, கொலேஷன் எனப்படும் வரிசை முறையைத் தமிழுக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுக்காமல் எண்வரிசையிலேயே விட்டுவிட்டால், கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நிற்பாள். மாதிரி வரையும்போது பெயர் என்று ஒரு சொல்லில் முடிந்துபோன விஷயம், உடல் எடுக்கும்போது இத்தனை யோசனையை வேண்டுகிறது.

எல்லாவற்றையும்விட அதிக யோசனைக்கு உரியது, இன்டெக்ஸ் என்னும் சுட்டுவரிசை. இதை விளங்கிக்கொள்ள, சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலை நூலகத்தின் பொறுப்பை ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதனை நினைப்பது தகும். நூலகத்துக்கென்று 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில், வாசகரின் நேரம் வீணாகாதபடி காப்பதற்கு ஒரு தனி விதியையே ஒதுக்கினார். அலமாரியில் புத்தகங்களை ஏதேனும் ஒரே ஒரு வரிசையில்தான் அடுக்க முடியும். பொருள்வகைப்படி அடுக்கினால், ஆசிரியர் பெயரை மட்டும் அறிந்து வருபவர் அலமாரி அலமாரியாகத் தேட நேரிடும். அதற்காகப் புத்தகங்களை இடம் பெயர்க்காமல், ஆசிரியர் பெயர் வரிசையில் ஓர் அட்டைப் பெட்டியும், நூற்பெயர் வரிசையில் மற்றோர் அட்டைப் பெட்டியும் வைத்து, ஒவ்வோர் அட்டையிலும் புத்தகம் இருக்கும் இடத்தைக் குறித்துவிட்டால், புத்தகம் ஒன்றாகவே இருக்க, அதை அடையும் வழிகள் பலவாகின்றன. தரவுத்தளத்தின் இன்டெக்ஸ் செய்வதும் இதையே.

இதன் பயனை ஒரு கணக்கால் காணலாம். ஒரு நாளைக்கு ஆயிரம் இரவல், வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால், பத்து வருஷத்தில் இரவல் அட்டவணையில் 30 லட்சம் வரிகள் சேரும். பக்கத்துக்கு நூறு வரி என்றால் 30,000 பக்கங்கள். ஏறக்குறைய 240 மெகாபைட். இன்டெக்ஸ் இல்லாதபோது, ஓர் உறுப்பினரின் இரவல்களைக் காண எல்லாப் பக்கங்களையும் படிக்க வேண்டும். செகண்டுக்கு 120 மெகாபைட் படிக்கும் வட்டில் அதற்கு இரண்டு செகண்ட் ஆகும். போயிங் நிறுவனத்து ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்த ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் இருவரும் 1972-இல் வெளியிட்ட பி-மரம் என்ற அமைப்பில் இன்டெக்ஸை வைத்தால், அதன் ஒவ்வொரு பக்கமும் கீழேயுள்ள நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு வழி காட்டுகிறது. பக்கத்துக்கு முந்நூறு வழி என்றால், மூன்றே படிகளில் 2 கோடியே 70 லட்சம் வரிகளைச் சுட்டிவிடலாம். மூன்று படி இறங்கி, நான்காவது வாசிப்பில் வரியை எட்டுவதற்கு ஒரு செகண்டில் இருபதில் ஒரு பங்கு போதும். இதே அமைப்பை நூறு நூலகங்களுக்குப் பொதுவாக்கி, 30 கோடி வரிகள் சேர்ந்துவிட்டால், இன்டெக்ஸ் இல்லாத தேடல் மூன்று நிமிஷத்தைத் தாண்டும். இன்டெக்ஸ் உள்ள தேடலுக்கோ இன்னும் ஒரே ஒரு படி அதிகமாகும். தொகை பெருகப் பெருகத்தான் நல்ல உடலின் அருமை தெரிகிறது.

அப்படியானால் எல்லாப் பத்திகளுக்கும் இன்டெக்ஸ் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். புதிய புத்தகம் வந்தால் எத்தனை அட்டைப் பெட்டிகள் உண்டோ அத்தனையிலும் அட்டை எழுதிச் செருக வேண்டுமல்லவா? அதேபோல் ஒவ்வொரு புதிய இரவலையும் ஒவ்வோர் இன்டெக்ஸிலும் பதிய வேண்டும். தேடுவோரின் நேரத்தை மிச்சப்படுத்தப் போய், பதிவோரின் நேரத்தைச் செலவழித்துவிடுவோம். ஆகையால் இங்கே சாஸ்திரத்தைவிட விசாரணை முக்கியம். மேஜையில் அமர்ந்திருப்பவரிடம் சென்று, ஒரு நாளில் எந்தக் கேள்வி எத்தனை முறை எழுகிறது, எது உடனே விடை பெற வேண்டியது, எது மாதக் கடைசியில் ஒரு முறை கேட்கப்படுவது என்று பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். சூட்சும உருவத்தை வரையும்போது, எது உண்மை என்று கேட்டோம். ஸ்தூல உருவத்தை அமைக்கும்போது, யார், எதை, எவ்வளவு அடிக்கடி கேட்பார்கள் என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேளாமல் செய்த வடிவமைப்பு, அளவெடுக்காமல் தைத்த சட்டை.

அந்த விசாரணையின் முடிவில், ஓர் உண்மைக்கு ஓர் இடம் என்ற விதியையே சில இடங்களில் அறிந்து மீற நேரிடும். ஒரு நூலின் பிரதிகளில் எத்தனை அலமாரியில் உள்ளன என்பதைப் பிரதி, இரவல் அட்டவணைகளிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். எனினும் ஆயிரக்கணக்கானோர் அதையே ஓயாமல் கேட்டால், நூலின் வரியிலேயே அந்தத் தொகையை எழுதி வைப்பது உசிதமாகலாம். இதை டீநார்மலைசேஷன் என்பர். ஆனால் மீறுகிறவர் அதற்குரிய பொறுப்பையும் ஏற்க வேண்டும். இரவல் பதிவாவதும், தொகை ஒன்று குறைவதும் ஒரே செயலாக, இரண்டும் நிகழ வேண்டும், அல்லது இரண்டும் நிகழாதிருக்க வேண்டும் என்று பிணைத்துவிட வேண்டும். பிணைக்காமல் விட்டால், அலமாரியில் இல்லாத புத்தகத்தை இருப்பதாகத் திரை சொல்லும்; பஸ் ஏறி வந்த வாசகர் வெறுங்கையோடு திரும்புவார். பழைய வருஷங்களின் இரவல்களை வருஷவாரியாகப் பிரித்துத் தனிப் பகுதிகளில் வைப்பதும் இத்தகைய ஏற்பாடுகளில் ஒன்று. உண்மையைத் தொடாமல் இடத்தை மட்டும் பிரிப்பதாகையால் அதில் அபாயம் குறைவு.

உடலின் சௌகரியத்துக்காக உண்மையையே குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே சாட்சி. 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்புக் கருவியில், இரண்டடி குறுக்களவுள்ள ஐம்பது வட்டுகள் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இடம் பொன்னாக இருந்த அந்தக் காலத்துச் சிக்கனத்தில், வருஷத்தை நான்கு இலக்கமாக எழுதாமல் கடைசி இரண்டு இலக்கமாக எழுதும் வழக்கம் பரவிற்று. வருஷம் என்பது நான்கு இலக்கம் என்ற உண்மை, உடலின் நெருக்கடியில் பாதியாயிற்று. இடம் மலிந்த பின்னும் வழக்கம் நீடித்தது. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது, அதை 1900 என்று இயந்திரங்கள் எண்ணிவிடாதபடி உலகெங்கும் நிரல்களைத் தேடித் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. வேறு வகை உதாரணமும் ஒன்று உண்டு. குறை எண்களுக்கும் இடம் தரும் 32 பிட் முழு எண்ணில் அடங்கக்கூடிய மிகப் பெரிய தொகை 2,147,483,647. யூடியூபில் ஒரு கொரியப் பாடலைப் பார்த்தோரின் எண்ணிக்கை 2014-இல் அந்த எல்லையை நெருங்கியதால், அந்தப் பத்தியை 64 பிட்டுக்கு விரிக்க நேர்ந்தது. முன்னதில் உண்மையையே வெட்டினார்கள். அதனால் பரிகாரம் பெருஞ்செலவாயிற்று. பின்னதில் பாத்திரம்தான் சிறியது. பெரிய பாத்திரத்துக்கு மாற்றியதோடு காரியம் முடிந்தது.

நான் வற்புறுத்த விரும்புவது இந்த வேற்றுமையைத்தான். சூட்சும உருவம் உண்மைக்குக் கட்டுப்பட்டது. ஸ்தூல உருவம் காலத்துக்குக் கட்டுப்பட்டது. முன்னதை அமைப்பவர் ஒரு பொய்யையும் அநுமதிக்கலாகாது. பின்னதை அமைப்பவர் ஒரு கணத்தையும் வீணாக்கலாகாது. இரண்டையும் ஒருவரே செய்தாலும், இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் செய்தால்தான், நாளை புதிய இயந்திரம் வந்தாலும் வாசகர் பெருகினாலும், உயிரைக் காயப்படுத்தாமல் உடலை மாற்றிக்கொள்ள முடியும்.

முதலில் பார்த்த அந்தத் தாமதமான நூலகத்துக்கே திரும்புவோம். விவரமறிந்த ஒருவர் ஓர் இரவு அங்கே வந்து, எந்தக் கேள்விக்கு இயந்திரம் திணறுகிறது என்று கவனித்து, இரவல் அட்டவணையில் உறுப்பினர் எண்ணுக்கு இன்டெக்ஸ் இல்லாதிருப்பதைக் கண்டு, ஒற்றை வரிக் கட்டளையால் அதை உண்டாக்கிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நூலின் பெயரும் மாறவில்லை. ஓர் உறுப்பினரின் கணக்கும் மாறவில்லை. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மறுநாள் காலையில் மேஜைக்கு வந்து அமர்பவருக்கு அப்படி ஒருவர் வந்து போனதே தெரியாது. அவர் எண்ணைத் தட்டுகிறார், விடை வருகிறது, புத்தகத்தை நம் கையில் கொடுத்துவிட்டு, அடுத்தவரை நோக்கித் தலை நிமிர்கிறார்.